ஆசிரியருக்கும் அரைப்பேரா?

தேயிலை மலைகளில், பறித்த கொழுந்தின் நிறை குறைந்த நாளிலே தொழிலாளிக்கு ‘அரைப்பேர்’ போடுவது நெடுநாள் வழக்கம். பனியிலும் மழையிலும் முழுநாளும் மலையேறி இறங்கிய உழைப்பு, செக்ரோல் புத்தகத்திலே பாதி நாளாகச் சுருங்கிவிடும். தோட்டத்துரை இதனைச் செய்தால் தொழிற்சங்கங்கள் கொதித்தெழுகின்றன. அது நியாயமே. ஆனால் அதே தொழிலாளியின் மகனும் மகளும் ஆசிரியராக வகுப்பறையில் நின்றபோது, அரசாங்கமே அவர்களுக்கு அரைப்பேர் போட்டதை நாம் இவ்வளவு எளிதாக மறந்துவிடலாமா?

மலையகப் பாடசாலைகளின் ஆசிரியர் பற்றாக்குறையை நீக்குவதற்கென 2015 ஆம் ஆண்டளவில், க.பொ.த. உயர்தரத்திற் சித்தியெய்திய ஏறத்தாழ மூவாயிரம் இளைஞரும் யுவதிகளும் ‘ஆசிரிய உதவியாளர்’ என்னும் பெயரிற் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். ஆசிரிய கலாசாலையிற் பயிலவேண்டிய மாணவர்களும் அவர்களே. பாடசாலையிற் கற்பிக்கவேண்டிய ஊழியர்களும் அவர்களே. கற்பித்த காலத்தும் கற்ற காலத்தும் அவர்களுக்கு முதலில் வழங்கப்பட்டது மாதம் 6,000 ரூபா. அதற்கும் சம்பளம் என்று பெயரில்லை; ‘கொடுப்பனவு’ என்று பெயர்.

கணக்கைப் பார்ப்போம். மாதத்தில் இருபது நாள் பாடசாலை நடந்ததெனக் கொண்டால் நாளொன்றுக்கு 300 ரூபா. 2013 ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி அந்நாளிலே தோட்டத் தொழிலாளியின் அடிப்படைச் சம்பளம் நாளொன்றுக்கு 450 ரூபா. கொழுந்து பறித்துப் பிள்ளையைப் படிக்கவைத்த தாய் பெற்றதில் மூன்றில் இரு பங்கே, படித்து ஆசிரியரான பிள்ளை பெற்றது! தாயின் 450 ரூபாவே போதாதென்று மலையகம் முழுவதும் முறையிட்டுக்கொண்டிருந்த காலம் அது. அதே 2015 ஆம் ஆண்டில் அரச ஊழியர்களுக்கு வழங்கப்பட்ட உயர்வு மட்டும் 10,000 ரூபா. பிறருக்குக் கிடைத்த உயர்வின் அளவுக்குக்கூட இவர்களுடைய முழு வருவாய் எட்டவில்லை. பின்னர் இத்தொகை 10,000 ரூபாவாக்கப்பட்டது; பயிற்சி முடித்தோர் ஆசிரியர் சேவையில் உள்வாங்கப்பட்டனர். ஆயினும் அநீதி முடிந்துவிட்டதால் அது நீதியாகிவிடாது.

“இவர்கள் பயிற்சி பெறாதவர்கள். பயிற்சியை அரசு அளிக்கிறது. பயிற்சியின் முடிவில் நிரந்தர உத்தியோகமும் காத்திருக்கிறது. எனவே இடைக்காலத்திற் குறைந்த தொகை பொருந்தும்” என்று அதிகாரிகள் வாதிடலாம். இவ்வாதத்தை நாம் அலட்சியஞ் செய்யவில்லை. பழகுநருக்கு முழுச் சம்பளம் கொடுக்க வேண்டுமென்று எச்சட்டமும் கூறவில்லை. ஆனால் பழகுநர் என்பவர் யார்? தொழிலறிந்த ஒருவரின் அருகில் நின்று, அவருடைய மேற்பார்வையில், அவருடைய பொறுப்பின்கீழ்ப் பழகுபவர். இவர்களோ, ஆசிரியரே இல்லாத காரணத்தால் ஆசிரியரின் இடத்திலே நிறுத்தப்பட்டவர்கள். பாடம் நடத்தியவர்கள் இவர்கள். இடாப்பு எழுதியவர்கள் இவர்கள். வினாத்தாள் திருத்தியவர்கள் இவர்கள். பெற்றோர் வந்து கேட்டால் விடை சொன்னவர்களும் இவர்களே. வகுப்பிலே வேறு ஆசிரியர் இல்லையெனில், இவர்கள் எவருக்கு உதவியாளர்கள்?

வேலையின் தன்மையை அறிய நியமனக் கடிதத்தின் தலைப்பைப் பார்ப்பது போதாது. செய்யப்பட்ட வேலையைப் பார்க்க வேண்டும். இந்திய உயர் நீதிமன்றம் 2016 ஆம் ஆண்டு ஜகஜித் சிங் வழக்கில், நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கு அப்பதவியின் ஆகக் குறைந்த சம்பளமேனும் உரியது என்று தீர்த்தது. அத்தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மையே. ஆனால் சட்டத்தின்முன் யாவரும் சமம் என்னும் நம் அரசியலமைப்பின் பன்னிரண்டாம் உறுப்புரை நம்மைக் கட்டுப்படுத்துமன்றோ? ஆசிரியர் பற்றாக்குறையைப் போக்க எடுக்கும் விசேட நடவடிக்கைகள் தொழிலின் தரத்தைக் குலைத்தலாகாது என்று 1966 ஆம் ஆண்டிலேயே யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலமைப்பும் கூடிப் பரிந்துரைத்துள்ளன.

இப்பற்றாக்குறை வானத்திலிருந்து விழுந்ததன்று. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆறு வயது முதல் பத்து வயதுவரை கல்வி போதும் என்பதே 1907 ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின் எல்லை. லயத்தின் அருகே ஓர் அறை, ஐந்து வகுப்புகள், ஓர் ஆசிரியர் என்ற நிலையிலே தோட்டப் பாடசாலைகள் தலைமுறைகளைக் கழித்தன. 1977 ஆம் ஆண்டளவிலேதான் அவற்றை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. நாடு எழுபதாண்டு செய்யாத வேலையைச் செய்ய வந்த இளைஞரிடமே, அந்தப் பாக்கியின் வட்டியையும் நாடு அறவிட்டது.

நாம் வேண்டுவன இரண்டு. வகுப்பறையில் நின்ற முதல் நாளிலிருந்தே இவர்களது சேவைக்காலம் எண்ணப்பட வேண்டும். பதவியுயர்வும் ஓய்வூதியமும் அக்கணக்கிற்கே அமைய வேண்டும். இனி எந்த அரசாங்கம் மலையகத்திற்கு ஆசிரியர் சேர்த்தாலும், பயிற்சி பெறாதோரைத் தனித்து வகுப்பில் நிறுத்தும் நாளிலிருந்து ஆசிரியர் சேவையின் ஆரம்பச் சம்பளத்தை வழங்க வேண்டும்.

நியமனக் கடிதம் வழங்கும் விழாக்களிலே மாலை சூடிக்கொண்ட நம் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடிதத்தைக் கையளிக்கு முன் அதிலுள்ள தொகையையும் வாசியுங்கள். கொழுந்துக் கூடைக்கு அரைப்பேர் போட்டால் எதிர்க்கும் நாம், பிள்ளைகளின் கல்விக்கு அரைப்பேர் போடுவதற்கு இனியும் இணங்கலாகாது.