காற்று எந்தப் பக்கம்? தங்கச்சிமடத்தைச் சுற்றிக் கடலில் விளையாட 6 இடங்கள்

ராமேஸ்வரம் போனால் 22 தீர்த்தம், அரிச்சல்முனையில் ஒரு செல்ஃபி, திரும்பும் வழியில் கலாம் நினைவிடம். பெரும்பாலான குடும்பங்களின் பயணத் திட்டம் இதோடு முடிந்துவிடுகிறது. ஆனால், கயாக் ஓட்ட, பலகையில் நின்றபடி துடுப்பு போட, முகமூடி மாட்டிக்கொண்டு நீருக்குள் மீன் பார்க்க, காத்தாடி இழுக்கும் வேகத்தில் கடல்மேல் சறுக்க என்றே சிலர் பாம்பன் தீவுக்கு வருகிறார்கள். கைட் சர்ஃபிங் எனப்படும் அந்தக் காத்தாடிச் சறுக்கலைக் கற்றுக்கொள்ள இந்தியாவின் பல மூலைகளிலிருந்தும் இளைஞர்கள் தேடி வரும் ஊர் ராமேஸ்வரம்.

இந்த வார ‘வாரக்கடைசி’ பகுதிக்குத் தங்கச்சிமடம்தான் மையம். பாம்பனுக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலையில் இருக்கும் இந்த ஊரை மல்லிகை நாற்றுக்காகத் தமிழ்நாட்டு விவசாயிகளுக்குத் தெரியும். சுற்றுலா வருபவர்களோ வண்டியை நிறுத்தாமல் கடந்துவிடுவார்கள். வடக்கே திரும்பினால் ஒரு கடல், தெற்கே திரும்பினால் இன்னொரு கடல் என்பதுதான் இந்த ஊரின் வசதி.

முதலில் ஒரு விஷயம்: இங்கே இரண்டு கடல்

தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அலை குறைந்த வடகடலைப் ‘பெண் கடல்’ என்றும், அலையடிக்கும் தென்கடலை ‘ஆண் கடல்’ என்றும் இங்கே சொல்வார்கள். இதைக் கேட்டுவிட்டு, ‘வடக்குப் பக்கம் எப்போதும் பாதுகாப்பு’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வருடத்தில் பாதி நாள்தான் அது உண்மை.

தென்மேற்குப் பருவக்காற்று, அதாவது கச்சான் காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கடல் கொந்தளிக்கும்; வடகரை அமைதியாக இருக்கும். வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று வரும் நவம்பர், டிசம்பரில் நிலைமை தலைகீழ். ‘பெண் கடல்’ பொங்கும், தென்கரை அடங்கியிருக்கும். நாட்டுப்படகு மீனவர்கள் காற்றைப் பார்த்துக் கடல் மாறுவதற்குக் காரணம் இதுதான். சுற்றுலா செல்பவர்களும் அதையே செய்தால் போதும்.

பாம்பன் சாலைப் பாலத்தைக் கடக்கும்போதே ஒரு சோதனை செய்துவிடலாம். ராமேஸ்வரம் நோக்கிப் போகையில் இடது பக்கம் பாக் விரிகுடா, வலது பக்கம் மன்னார் வளைகுடா. எந்தப் பக்கம் அலைகளின் தலையில் வெள்ளை நுரை தெரிகிறதோ, அன்றைக்கு அந்தப் பக்கம் வேண்டாம். பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரியும். பாலத்தில் வண்டியை நிறுத்திப் போக்குவரத்தைக் கெடுக்க வேண்டியதில்லை.

1. வில்லூண்டி தீர்த்தம்: குட்டீஸுக்கு முதல் கடல்

தங்கச்சிமடம் பகுதியில் நெடுஞ்சாலையிலிருந்து வடக்கே பிரியும் சாலை இங்கே வந்து முடிகிறது. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் சிறு பாலம், அதன் முனையில் ஒரு கிணறு. சுற்றிலும் உப்புக்கடல், கிணற்றில் ஊறுவதோ நல்ல தண்ணீர். சீதையின் தாகம் தீர்க்க ராமர் வில்லை ஊன்றிய இடம் என்பது தலபுராணம்.

கடல் இங்கே ஆழம் குறைவு. அலைக்குப் பயப்படும் பிள்ளைகள், முட்டி வலிக்காரத் தாத்தா பாட்டிகள் எல்லோரும் கால் நனைக்கலாம். சாகச விளையாட்டை எதிர்பார்த்து வர வேண்டாம். கச்சான் மாதங்களில் காலை நேரம் சரியாக இருக்கும். வாடை வீசும் நாள்களில் தவிர்த்துவிடலாம்.

2. சங்குமால், ஓலைக்குடா: துடுப்பு பிடித்துப் பழக

ராமேஸ்வரம் நகரை ஒட்டிய வடகரை இது. கயாக், பேடில் போர்டு, ஸ்நார்கெலிங் மூன்றையும் பழகத் தோதான இடம். முதல்முறை வருபவர்கள் இரண்டு பேர் அமரும் கயாக்கில் தொடங்குவது நல்லது. முன்னால் இருப்பவர் வேகத்தைத் தீர்மானிக்க, பின்னால் இருப்பவர் திசையைப் பார்த்துக்கொள்வார். கணவன் மனைவி சண்டைக்கு இதுவே போதும் என்பது வேறு கதை!

இங்கே ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. இந்தக் கடல் பல பெண்களின் வேலைத்தளம். விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிக் கடல்பாசி எடுப்பவர்கள் இந்தக் கரையோரக் கிராமங்களில் இருக்கிறார்கள். பாம்பன் அருகே சின்னப்பாலத்தைச் சேர்ந்த கடல்பாசி சேகரிப்பாளர் லட்சுமி மூர்த்தி, 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி விருதைப் பெற்றவர். பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகளையும் இந்தக் கரைகளில் பார்க்கலாம். அவற்றின் மேல் கயாக் ஏறினால் கயிறு அறுந்து, ஒரு குடும்பத்தின் பல வார உழைப்பு போய்விடும். மிதவை, வலை, மிதக்கும் தெர்மாகோல் அடையாளம் எதைக் கண்டாலும் சுற்றிப் போங்கள்.

3. அரியமான், பிரப்பன்வலசை: நாள் முழுக்க விளையாட

பாலத்தைத் தாண்டி நிலப்பகுதிக்குச் சென்றால், உச்சிப்புளி வட்டாரத்தில் பாக் விரிகுடாவை ஒட்டியவை இந்த இரண்டு கடற்கரைகளும். சவுக்கு மர நிழல், நீண்ட மணல், ஆழம் குறைந்த நீர் என அரியமான் குடும்பச் சுற்றுலாவுக்கு ஏற்றது. சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து நாள் முழுக்க இருக்கலாம். தட்டு எறிந்து விளையாட, பந்து விளையாட இடம் தாராளம்.

பிரப்பன்வலசை சற்றே தீவிரமான ஆட்களுக்கு. பேடில் போர்டு, பாய்மரப் பலகை போன்ற கடல் விளையாட்டுகளுக்குப் பெயர் பெற்ற கரை. ஒலிம்பிக் நீர் விளையாட்டு அகாடமிக்குத் தமிழக அரசு தேர்ந்தெடுத்ததும் இந்த ஊரைத்தான்.

4. குந்துகால், குருசடை தீவு: நனையாமல் பவளம் பார்க்க

பாம்பனுக்குத் தெற்கே, மன்னார் வளைகுடா பக்கம். சிகாகோவில் பேசிவிட்டுத் திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று வந்திறங்கிய கரை குந்துகால். அவருக்கு இங்கே நினைவில்லம் இருக்கிறது.

குந்துகாலிலிருந்து வனத்துறை குருசடை தீவுக்குக் கண்ணாடி அடித்தளப் படகு இயக்குகிறது. நீச்சல் தெரியாதவர்களும் உட்கார்ந்தபடியே பவளப்பாறையையும் மீன்களையும் பார்க்கலாம். குருசடை உள்ளிட்ட 21 தீவுகளும் 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. ‘நான் கூட்டிப் போறேன், வாங்க’ என்று தனியார் படகில் யாராவது அழைத்தால் ஏற வேண்டாம். வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தத் தீவுகளில் இறங்குவது குற்றம். பவளத்தை உடைத்து எடுத்துவருவதும் அப்படித்தான். காற்று பலமான நாள்களில் படகு ஓடாது என்பதால், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். வாடை மாதங்களில் தென்கரை அமைதியாக இருக்கும் நாள்கள் இதற்கு ஏற்றவை.

5. தனுஷ்கோடி: காத்தாடிக்கும் கண்ணுக்கும்

கைட் சர்ஃபிங் செய்பவர்களுக்குக் காற்று எதிரி இல்லை, அதுதான் எரிபொருள். மற்றவர்கள் கரையேறும் நேரத்தில் அவர்கள் கடலில் இறங்குவார்கள். கச்சான், வாடை என இரண்டு காற்றும் இரண்டு சீசன்களைத் தருவதாலும், ஆழம் குறைந்த காயல்கள் இருப்பதாலும்தான் இந்தத் தீவு அவர்களுக்குப் பிடித்துப்போனது. விழுந்தாலும் இடுப்பளவு தண்ணீர் என்றால் கற்பவருக்குப் பாதி பயம் போய்விடும். ‘குவெஸ்ட்’ போன்ற பயிற்சி மையங்கள் ராமேஸ்வரத்தில் இதைக் கற்றுத் தருகின்றன. முதலில் கரையில் சிறிய காத்தாடி, பிறகு நீரில் உடம்பை மட்டும் இழுக்க விடுவது, கடைசியில்தான் பலகை. ஒரே நாளில் கற்றுத் தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதல்முறையாக இடம்பெற்றது என்பது பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு தகவல்.

வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் ஒரு விதி உண்டு. காத்தாடியின் கயிறுகள் 20 மீட்டருக்கும் மேல் நீளமானவை. இழுவிசையில் கத்திபோல் வெட்டும். காத்தாடிக்குக் கீழேயோ அருகிலேயோ நின்று ரீல்ஸ் எடுக்காதீர்கள்.

கோதண்டராமர் கோயில் பக்கமுள்ள காயல்களுக்குக் குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். 2025 ஜூனில் தனுஷ்கோடிப் பகுதி பெரும் பூநாரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வானத்தில் பெரிய துணி பறந்தால் பறவைகள் கூட்டமாக எழுந்து ஓடும். நெடுந்தூரம் பறந்து வந்தவற்றுக்கு அந்த அலைச்சல் பெரிய இழப்பு. வனத்துறையிடம் கேட்காமல் இந்தப் பக்கம் காத்தாடி, ட்ரோன் இரண்டையுமே எடுக்க வேண்டாம். பறவை இருக்கும் மாதங்களில் ஒரு பைனாகுலர் போதும்.

அரிச்சல்முனையில் இரண்டு கடலும் சந்திக்கின்றன. அங்கே நீரோட்டம் பலமானது. காலடி மணல் நிற்காது. முட்டியளவு நீரில் நின்றவர்களையும் இழுத்துவிடக்கூடிய இடம். அரிச்சல்முனை பார்ப்பதற்கு மட்டும், குளிப்பதற்கு அல்ல.

6. காரங்காடு: எந்தக் காற்று வீசினாலும்

இரண்டு கடலும் ஒத்துவராத நாள் என்றால்? ராமநாதபுரத்திலிருந்து தொண்டி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியைத் திருப்புங்கள். காரங்காட்டில் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து சூழல் சுற்றுலா நடத்துகிறார்கள். அலையாத்தி மரங்களுக்கு நடுவே ஓடைபோல நீளும் நீர்வழியில் படகிலோ கயாக்கிலோ போகலாம். இருபுறமும் மரம் மறைப்பதால் காற்று அவ்வளவாகத் தாக்காது. ஊர்ப் பெண்கள் சமைக்கும் கடல் உணவும் உண்டு. அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தங்கச்சிமடத்திலிருந்து தூரம்தான் என்பதால், ஊர் திரும்பும் நாளில் வைத்துக்கொள்ளலாம்.

அமைதியான கடல்தான் அதிகம் ஏமாற்றும்

கச்சான் வீசும் மாதங்களில் வடகரையில் நின்று பார்த்தால் தண்ணீர் கண்ணாடிபோல் தெரியும். காரணம், காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. கரையோரத்தில் அலை எழாது. ஆனால், காற்று அடைத்த வாத்து மிதவையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையை அதே காற்று சத்தமில்லாமல் உள்ளே தள்ளிக்கொண்டு போகும். போகப் போகக் காற்று பலமாகும், அலையும் எழும். கயாக்கில் செல்பவருக்கும் இதே கதை: போகும்போது சுகமாக இருக்கும், திரும்பும்போது எதிர்க்காற்றில் கை ஓய்ந்துவிடும்.

எனவே, காற்று முதுகில் பட்டுக் கடலுக்குள் போகிறதா என்று இறங்கும் முன் பாருங்கள். ஒரு பிடி காய்ந்த மணலைத் தூவினாலே தெரிந்துவிடும். அப்படியென்றால் காற்றடைத்த மிதவைகளை வண்டியிலேயே வைத்துவிடுங்கள். கயாக்கை எதிர்க்காற்றில் தொடங்கிக் கரையோரமாகவே ஓட்டுங்கள். களைப்பு வரும்போது காற்று உங்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும்.

கிளம்பும் முன்...

* காற்று பலமாக இருக்கும் நாள்களில் மீன்வளத்துறை படகுகளுக்கு அனுமதி டோக்கன் தராது. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். கடலில் பிறந்து வளர்ந்தவர்களே போகாத நாளில், நமக்கும் கரைதான்.

* நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். வாரை இறுக்கிய பிறகு தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். தாடையைத் தாண்டி மேலேறினால் அந்த அளவு உங்களுக்கானது அல்ல.

* ஆழமற்ற மணலில் திருக்கை மீன் புதைந்திருக்கலாம். காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்தபடி நடந்தால் அது விலகிப் போய்விடும்.

* ஜெல்லி மீன் பட்டால் தேய்க்காதீர்கள், கடல்நீரால் கழுவுங்கள். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனை.

* கடலோரக் காவல் குழும உதவி எண் 1093, கடலோரக் காவல்படை 1554, ஆம்புலன்ஸ் 108. மூன்றையும் இப்போதே போனில் பதிந்துவையுங்கள்.

* கட்டணமும் நேரமும் சீசனுக்கு ஏற்ப மாறும். முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

கரைக்குப் போனதும் வலை பின்னிக்கொண்டிருக்கும் யாரிடமாவது, ‘அண்ணே, இன்னைக்கு என்ன காத்து?’ என்று கேட்டுப் பாருங்கள். வடகடலா, தென்கடலா, அல்லது பேய்க்கரும்பு கலாம் நினைவிடத்தோடு திரும்பிவிடுவதா என்பதற்கு அதைவிட நல்ல பதில் எந்தச் செயலியிலும் கிடைக்காது.