மார்க் போடுவது யார்?

மட்டாஞ்சேரியில் மிளகு வியாபாரிக்குக் கடன் கொடுக்கவும் எங்களிடம் ஒரு மார்க் தாள் உண்டு. முடிவை எடுத்துவிட்டு மார்க்கை நிரப்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன் :-)

அணுமின் துறையில் இதற்குப் பயிற்சி வகுப்பே உண்டு. இருக்கும் வழிகளையெல்லாம் எழுது, பாதுகாப்பு, செலவு, சுற்றுச்சூழல் ஒவ்வொன்றுக்கும் எத்தனை மார்க் என்று முதலிலேயே வை, பிறகு ஒப்பிடு. நல்ல முறைதான். ஆனால் எதற்கு எத்தனை மார்க் என்று யார் சொல்வது?

கூடங்குளத்தையே பாருங்கள். பயன்படுத்திய எரிபொருளை உலைக்கு வெளியே வைக்கும் கிடங்குக்கு உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் ஐந்தாண்டு கெடு வைத்தது. 2018-இல் கெடு நீண்டது. 2019 ஜூலை 10-ஆம் தேதி ராதாபுரத்தில் கருத்துக்கேட்பு என்று அறிவித்து, அதையும் தள்ளிவைத்தார்கள். கேட்க இருந்ததும் ஒரே இடம், ஒரே திட்டம் பற்றித்தான். தண்ணீர்த் தொட்டியா, உலர் கலனா, வேறு ஊரா என்ற தாளை முதலில் காட்டுங்கள் ஐயா. கடலுக்கு எத்தனை மார்க் என்பதை இடிந்தகரை மீனவரும் சேர்ந்து எழுதட்டும்.