பட்டப்படிப்பும் பணித்திறனும்: கறம்பக்குடி வட்டாரச் சிறுதொழில் முனைவோர், வணிகர் சங்கத்தின் கோரிக்கை மனு

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள், புதுக்கோட்டை.
பதிவாளர் அவர்கள், பாரதிதாசன் பல்கலைக்கழகம், திருச்சிராப்பள்ளி.
மேலாண்மை இயக்குநர் அவர்கள், தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம், சென்னை.

பொருள்: கலை, அறிவியல் பட்டதாரிகளுக்கு உள்ளூர்த் தொழில்களில் பயிற்சி அளித்தல், பாடத்திட்டத்தில் சிறு வேலையளிப்போரின் கருத்தைச் சேர்த்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

கறம்பக்குடி வட்டாரத்தில் கொப்பரைக் களம், தென்னைநார் ஆலை, அரிசி ஆலை, எண்ணெய்ச் செக்கு, உரக்கடை, ஜவுளிக்கடை ஆகியவற்றை நடத்திவருவோர் உறுப்பினராக உள்ள இச்சங்கம், பட்டம் பெற்று வேலை கேட்டு வரும் இளைஞர்களுக்கும் அவர்களைப் பணியில் அமர்த்துவோருக்கும் இடையே ஆண்டுதோறும் காணப்படும் இடைவெளியைக் குறைக்கச் சில ஏற்பாடுகளைக் கோரி இம்மனுவைப் பணிந்து சமர்ப்பிக்கிறது.

பட்டதாரிகள் வேலைக்கு ஆயத்தமாக இல்லை என்னும் குறை புதியதன்று. மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காமும் மெக்கின்சி ஆலோசனை நிறுவனமும் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, பொறியியல் பட்டதாரிகளில் நான்கில் ஒருவரும் பிற பட்டதாரிகளில் 10 முதல் 15 சதவீதத்தினருமே வெளிநாடுகளுக்கான தகவல் தொழில்நுட்ப, அயற்பணித் துறை வேலைக்கு உகந்தவர் எனக் கணித்தது. உலக வங்கியும் ஃபிக்கி தொழில் வணிகக் கூட்டமைப்பும் 2009ஆம் ஆண்டில் நடத்திய ஆய்வில், புதிதாகப் பணியில் சேர்ந்த பொறியாளர்களின் திறன் தங்களுக்கு முழு நிறைவு தரவில்லை என்று 64 சதவீத வேலையளிப்போர் கூறினர். மத்திய அரசின் 2023-24ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கையும், இளைஞர்களில் 51.25 சதவீதத்தினரே வேலைக்கேற்ற தகுதி உடையவராகக் கருதப்படுகின்றனர் என்னும் மதிப்பீட்டை எடுத்துக்காட்டியது. வேலைக்கேற்ற தகுதி என்பது பாட அறிவை மட்டும் குறிப்பதன்று. கற்றதைப் புதிய சூழலில் பொருத்திப் பார்த்தல், பிறரோடு சேர்ந்து உழைத்தல், சொன்ன சொல் தவறாமை, மேலும் கற்கும் விருப்பம் ஆகியவற்றையும் சேர்த்தே வேலையளிப்போர் அச்சொல்லைப் பயன்படுத்துகின்றனர்.

எனினும் இம்மதிப்பீடுகள் பெரும்பாலும் பெருநிறுவனங்களின் தேவையை அளவுகோலாகக் கொண்டவை. கறம்பக்குடியிலும் ஆலங்குடியிலும் படித்து, வயதான பெற்றோரையும் நிலத்தையும் விட்டு நெடுந்தொலைவு செல்ல இயலாமல் உள்ளூரிலேயே வேலை தேடும் பட்டதாரிக்கு, அந்த நிறுவனங்கள் எட்டாத இடத்தில் உள்ளன. அவருக்கு வேலை தரக்கூடியவர் ஐந்து பேரையோ பத்துப் பேரையோ வைத்துத் தொழில் நடத்தும் உள்ளூர் முனைவோரே ஆவார். அத்தகைய முனைவோர் என்ன கருதுகின்றனர் என்பதைக் கேட்டறிவதற்கு நிலையான ஏற்பாடு வேண்டும் என்பதே இச்சங்கத்தின் அடிப்படைக் கோரிக்கை.

உறுப்பினர்கள் பொதுவாகக் கண்டுவருவதை இங்கு எடுத்துரைப்பது பொருந்தும். வணிகவியல் பட்டம் பெற்றவர் இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை, அதாவது ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்று, வரவு என இரு பக்கமும் எழுதும் முறையை, விதிப்படி விளக்கக் கூடியவராக இருக்கிறார். ஆனால் சரக்கு மற்றும் சேவை வரிக்கான மாதாந்தரப் படிவத்தைக் கடையின் பில்களைக் கொண்டு நிரப்பச் சொன்னால் தயங்குகிறார், ஏனெனில் மூன்றாண்டுப் படிப்பில் உண்மையான பில் கட்டு ஒன்று அவர் கைக்கு வந்ததே இல்லை. தென்னைநார்க் கழிவைக் கட்டிகளாக அழுத்தி ஏற்றுமதிக்கு அனுப்பும் ஆலையில், அக்கழிவை நன்னீரில் அலசி உப்பைக் குறைத்த பிறகு அதன் மின்கடத்துதிறனை அளக்க வேண்டும். மின்கடத்துதிறன் என்பது கரைசலில் எவ்வளவு உப்பு கலந்துள்ளது என்பதைக் காட்டும் அளவு, அது மிகுந்திருந்தால் வெளிநாட்டு நாற்றங்கால்களில் செடி கருகும் என்பதால் வாங்குவோர் சரக்கை ஏற்பதில்லை. வேதியியல் பட்டதாரி இதன் கோட்பாட்டை ஐயமின்றி அறிந்தவர். அந்தக் கோட்பாட்டுக்கும் தம் ஊர்ச் சாலையோரத்தில் குவிந்து கிடக்கும் நார்க்கழிவுக்கும் தொடர்பு உண்டு என்பதை அவருக்கு எவரும் காட்டியதில்லை. கொப்பரையின் ஈரப்பதம், அரிசியின் உடைசல் விகிதம், எண்ணெய்க்கான உணவுப் பாதுகாப்பு உரிமம் ஆகியவற்றிலும் நிலைமை இதுவே.

இதைக் கொண்டு மாணவர்களைக் குறை கூறுவது இச்சங்கத்தின் நோக்கமன்று. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் இவர்களில் பலர். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் வழியாக மாதம் 1000 ரூபாய் பெற்றுப் படிக்கும் பிள்ளைகளின் உழைப்பை வேலையளிப்போர் மதிக்கின்றனர். தமிழ், வரலாறு போன்ற பாடங்களைக் குறைத்துத் தொழிற்பயிற்சியை நிரப்ப வேண்டும் என்பதும் கோரிக்கையன்று. தெளிவாக ஒரு கடிதம் எழுதவும் வாடிக்கையாளரிடம் பண்போடு பேசவும் தெரிந்தவரையே எல்லாத் தொழிலும் தேடுகிறது. அத்திறன் மொழிப் பாடத்திலிருந்தே வருகிறது.

இவ்வட்டாரத்துக்கென ஒரு தனிக் காரணமும் உண்டு. 2020ஆம் ஆண்டின் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல வளர்ச்சிச் சட்டத்தின் கீழ் கறம்பக்குடி ஒன்றியமும் அடங்குகிறது. அதன்படி தாமிர உருக்காலை, தோல் பதனிடுதல், எண்ணெய், எரிவாயு எடுத்தல் போன்ற தொழில்களை இங்குப் புதிதாகத் தொடங்க இயலாது. உழவர்கள் வேண்டிப் பெற்ற இப்பாதுகாப்பு நிலைபெற வேண்டுமானால், 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்த பிறகு மீண்டெழுந்துவரும் வேளாண் சார்ந்த தொழில்களே படித்த பிள்ளைகளுக்கும் வேலை தர வேண்டும். கல்வியை வாழ்க்கையோடு இணைப்பது இம்மாவட்டத்துக்குப் புதிதுமன்று: 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம், மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், எழுத்தறிவோடு சேர்த்துச் சைக்கிள் ஓட்டவும் கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுத் தந்தது.

ஆகவே, 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தை உள்ளூர்ச் சிறுதொழில்கள் பயன்படுத்த வழிசெய்யுமாறு இச்சங்கம் முதன்மையாகக் கோருகிறது. தொழிற்பழகுநர் என்பவர் குறித்த காலத்துக்கு உதவித்தொகை பெற்று வேலை செய்துகொண்டே தொழில் கற்பவர். 2019ஆம் ஆண்டு விதித் திருத்தத்தின்படி 30 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்கள் பழகுநரைச் சேர்ப்பது கட்டாயம். நான்கு பேர் உள்ள சிறு நிறுவனமும் விரும்பினால் சேரலாம். தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தில் பட்டதாரிகளுக்கான குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. ஆயினும் இணையப் பதிவு, ஒப்பந்தம், மாதாந்தர அறிக்கை ஆகியவற்றைத் தனியாகச் செய்து முடிக்க ஒரு கொப்பரை வணிகரால் இயலவில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகமும் மாவட்டத் தொழில் மையமும் இணைந்து, கறம்பக்குடி அரசு கலை மற்றும் அறிவியல் கல்லூரியில் மாதம் ஒரு நாளாவது உதவி முகாம் நடத்தினால் இத்தடை நீங்கும்.

பாரதிதாசன் பல்கலைக்கழகம் தனது வணிகவியல், வேதியியல், தாவரவியல் பாடத்திட்டக் குழுக்களில் சிறு வேலையளிப்போர் ஒருவருக்கேனும் இடம் அளிக்கவும், இறுதிப் பருவத்தின் செயல்திட்டத்தை உள்ளூர்த் தொழிற்கூடத்தில் செய்ய அனுமதிக்கவும் வேண்டும். 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட, மாணவர்களுக்குத் திறன் பயிற்சி அளிக்கும் மாநில அரசின் நான் முதல்வன் திட்டத்தில் தென்னை மதிப்புக்கூட்டல், சரக்கு மற்றும் சேவை வரிக் கணக்கு, உணவுத் தரப் பரிசோதனை ஆகிய பயிற்சிகளை இவ்வட்டாரக் கல்லூரிகளுக்கு ஒதுக்கித் தர வேண்டும்.

தம் தரப்பில், பழகுநரை எடுபிடி வேலைக்கோ மலிவான கூலிக்கோ பயன்படுத்துவதில்லை எனவும், பயிற்சி முடித்துத் தேறியவருக்குப் படிப்புக்கேற்ற சம்பளம் தருவது எனவும் உறுப்பினர்கள் உறுதியளிக்கின்றனர். நல்ல சம்பளம் தர மனமில்லாதவருக்குத் திறமையான ஆள் கிடைக்கவில்லை என்று முறையிட உரிமையில்லை என்பது இச்சங்கத்தின் கருத்து.

வரும் கல்வியாண்டு தொடங்குமுன் கல்லூரி முதல்வர்கள், பல்கலைக்கழகப் பிரதிநிதிகள், வேலையளிப்போர், மாணவர்கள் ஆகியோரை ஒருங்கே அழைத்து மாவட்ட ஆட்சியர் அவர்கள் தலைமையில் கூட்டம் ஒன்றைக் கறம்பக்குடியிலேயே நடத்தித் தருமாறு பணிவுடன் வேண்டப்படுகிறது.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்,
கறம்பக்குடி.