பாரிஸை பாரிஸ் என்றே சொல்லுங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

இப்போது ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. யாராவது பேச்சோடு பேச்சாக 'பாரிஸ்' என்றால், ஒருவர் குறுக்கே புகுந்து, "அது பாரிஸ் இல்லை, பாரி" என்று திருத்துகிறார். நாலு பேர் சிரிக்கிறார்கள். சொன்னவர் அதோடு வாயை மூடிக்கொள்கிறார். இதை அறிவு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

பாரிஸைத் திருத்துகிறவர் மாஸ்கோவை 'மஸ்க்வா' என்கிறாரா? வார்சாவை 'வர்ஷாவா' என்கிறாரா? ஜெர்மனியை 'டாய்ச்லாண்ட்' என்றும், எகிப்தை 'மிஸ்ர்' என்றும், ஜப்பானை 'நிஹோன்' என்றும் சொல்கிறாரா? இல்லை. தெரிந்த ஒன்றிரண்டு ஊர்களில் மட்டும்தான் இந்தக் கறார்.

அந்த பிரெஞ்சுக்காரர்களே லண்டனை 'லோந்த்ர்' என்கிறார்கள். இத்தாலியர்களுக்கு ஜெர்மனியின் மியூனிக் நகரம் 'மோனாகோ'. அவர்கள் யாரும் இதற்காக வெட்கப்படவில்லை. நாம் மட்டும் ஏன் கூச வேண்டும்?

'அந்த மண்ணின் மக்கள் சொல்வதுபோல்' என்றால், எந்த மக்கள்? சுவிட்சர்லாந்தில் தேசிய மொழிகள் 4. ஜெர்மன் பேசுகிறவருக்கு அது 'ஷ்வைட்ஸ்', பிரெஞ்சு பேசுகிறவருக்கு 'சுயிஸ்', இத்தாலியில் 'ஸ்விட்சேரா', ரோமான்ஷில் 'ஸ்விட்ஸ்ரா'. இதில் எதைச் சொன்னால் நம்மைப் பாஸ் போடுவார்கள்?

இன்னொன்று, இந்தத் திருத்தமே பல நேரம் தப்பு. கோபன்ஹேகனை 'கோபன்ஹாகன்' என்று நீட்டினால் டென்மார்க்காரர் போலப் பேசியதாக நினைப்பு. அது ஜெர்மன் சாயல். டேனிஷ்காரர் சொல்லும் பெயரில் நடுவே 'க' ஒலியே கிடையாது.

"தூத்துக்குடியை டூட்டிகோரின் என்றால் பொறுப்பீர்களா சார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நம் ஊரின் பெயர் நம் அரசாங்கப் பலகையில் எப்படி இருக்க வேண்டும் என்பது நம் உரிமை. 1996இல் மெட்ராஸ் சென்னையானது அப்படித்தான். 2018இல் சுவாசிலாந்து தன் பெயரை எஸ்வாத்தினி என்று மாற்றிக்கொண்டது. ஒரு நாடு தன் பெயரை மாற்றி அறிவித்தால் அதை மதித்து ஏற்க வேண்டும். ஆனால் பெயரை மதிப்பது வேறு, நாக்கைச் சுழற்றிக் காட்டுவது வேறு. 'தமிழ்' என்பதில் உள்ள ழகரம் வராத வெளிநாட்டார் மேல் நாம் வழக்கா போடுகிறோம்?

ஆகவே என் கட்சி இதுதான். அந்த ஊருக்கே போனால் அவர்கள் சொல்வதுபோல் சொல்ல முயலுங்கள், அது மரியாதை. புதிய பெயர் வந்தால் விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். நமக்குள் பேசும்போது, தமிழில் நிலைத்துவிட்ட பெயரைத் தாராளமாகச் சொல்லுங்கள்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை 'பாரிஸ்' என்று சொல்லி, வரைபடத்தில் சரியான இடத்தில் விரலை வைத்தால், அவன் பாடம் படித்துவிட்டான். அங்கே உச்சரிப்பைப் பிடித்துச் சிரித்தால், அடுத்த கேள்விக்கு அவன் கை தூக்க மாட்டான். அந்த நஷ்டத்தை எந்த பிரெஞ்சு உச்சரிப்பும் ஈடுகட்டாது.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். எழுத்துப்பிழை இல்லாமல்!