கவ்வாத்துக் காலம்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கவ்வாத்து என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலைச் செடியை அதன் போக்கில் விட்டால் மரமாகிவிடும். கொழுந்து பறிப்பவரின் கைக்கு எட்டவேண்டும் என்பதற்காகச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைத் தாழ வெட்டுவார்கள். அதுவே கவ்வாத்து. செடி பார்வைக்குப் பச்சையாகவே இருக்கும். கைக்கு எட்டாமல் போவதுதான் அடையாளம்.

வர்த்தக இணையத்தளங்களுக்கும் இந்த விதி பொருந்தும் என்பது என் கருத்து.

எனக்குத் தெரிந்த தோட்டத்து இளைஞர் ஒருவர் எல்லவுக்கு அருகே சிறிய தங்குவிடுதி நடத்துகிறார். "ஐயா, நம்ம தளம் பழசாப் போச்சுன்னு சொல்றாங்க. புதுசாச் செய்யணுமா?" என்று கேட்டார்.

"தொலைபேசியில் கூப்பிடுகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் தம்பி?" என்றேன்.

"அறை வாடகை எவ்வளவு, ஸ்டேசன்ல இருந்து எவ்வளவு தூரம், இதுதான் ஐயா."

இரண்டும் அவரது தளத்தில் இருந்தன. ஆனால் கணினித் திரைக்காக அமைத்த பக்கம் கைத்தொலைபேசியில் எறும்பெழுத்தாகச் சுருங்கிக் கிடந்தது. தளம் சொல்லவேண்டிய பதிலை உரிமையாளரே வாயால் சொல்ல நேர்ந்தால், கவ்வாத்துக் காலம் வந்துவிட்டது.

வேறு அடையாளங்களும் உண்டு. கைத்தொலைபேசியில் வாசிக்க எளிதான பக்கங்களுக்கு, அதில் தேடுவோரிடத்து முன்னுரிமை தருவதைக் கூகுள் 2015 ஏப்ரலில் தொடங்கியது. பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாத தளங்களைப் 'பாதுகாப்பற்றது' என்று குரோம் உலாவி 2018 ஜூலை முதல் குறிக்கிறது. ஃபிளாஷில் செய்த முகப்புகள், 2020 டிசெம்பர் 31 உடன் அதற்கான ஆதரவு முடிந்தபின், வெற்றுக் கட்டங்களாயின. பாமினி எழுத்துருவில் எழுதிய தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கருவியில் ஆங்கில எழுத்துக்களின் குப்பையாகத் தெரியும். 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் தமிழகம் அனுப்பப்பட்ட ஒரு குடும்பத்தின் பேரப்பிள்ளை, பாட்டன் வாழ்ந்த ஊவாத் தோட்டத்தைக் காண விரும்பித் தேடினால், அந்தக் குப்பைதான் அவரை வரவேற்கும். யுனிகோடுக்கு மாற்றுவது அலங்காரம் அல்ல, மரியாதை.

எல்லாவற்றிலும் பெரிய அடையாளம் ஒன்றுண்டு. 2025 நவெம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையால் பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்தது. வீதிகள் அடைபட்டன. மலையகப் புகையிரதப் பாதையும் சேதமுற்றது. அந்நாட்களிலும் இந்த இளைஞரின் தளம், புகையிரதத்தில் ஏறி வாருங்கள் என்று சிரித்த முகத்தோடு அழைத்துக்கொண்டிருந்தது. ஒரு வரியை மாற்ற அவரால் முடியவில்லை. கடவுச்சொல் தளத்தை அமைத்துக் கொடுத்தவரிடம் இருந்தது. அவரோ அழைப்பை எடுக்கவில்லை. பழைய செய்தியைப் புதிய நாளில் அச்சிடுவது எவ்வளவு பெரிய தவறு என்பதைப் பத்திரிகைத் தொழில் எனக்குக் கற்பித்திருக்கிறது. உரிமையாளரால் திருத்த முடியாத தளம் எத்தனை அழகாக இருந்தாலும் அவருடையதல்ல.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது, பக்கத்து விடுதிக்காரர் மாற்றிவிட்டார் என்பவை காரணங்கள் அல்ல. வாடகை மாறியிருந்தால் வாடகையை மட்டும் திருத்தினால் போதும். வேரில் வலுவில்லாத செடியைக் கவ்வாத்து வெட்டினால் பட்டுப்போகும். வாடகை, வழி, தொடர்பு இலக்கம் ஆகியவற்றைச் சரியாக எழுதிவைக்காதவர் புதுத் தளத்துக்குப் பணம் கொடுப்பதும் அப்படித்தான்.

வெட்டும்போது ஓரிரு கிளைகளை விட்டுவைக்கும் முறையும் தோட்டங்களில் உண்டு. செடி அவற்றால் மூச்சுவிட்டுக்கொண்டு மீண்டும் துளிர்க்கும். அதுபோல, பழைய பக்கங்களின் முகவரிகளை அழித்துவிடாமல் புதிய பக்கங்களுக்குத் திருப்பிவிடச் சொன்னேன். பழைய இணைப்பைப் பிடித்து வருகிறவர் வெறும் சுவரில் முட்டக்கூடாது அல்லவா?

தம்பி முதலில் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கியிருக்கிறார். நல்ல தொடக்கம்.