சொகுசுக் காருக்கு நீட்டிப்பு வாரண்டி: வாங்கலாமா, வேண்டாமா?

ராயபுரத்திலும் தண்டையார்ப்பேட்டையிலும் இன்று ஜெர்மன் நாட்டுப் பெயர் தாங்கிய கார் நிற்பது அதிசயமல்ல. துறைமுகத்தில் கிளியரிங் தொழில், லாரித் தொழில், மீன் ஏற்றுமதி ஆகியவற்றில் பாடுபட்டுப் பணம் சேர்த்தவர்கள், புதிதாகவோ பழையதாகவோ ஒரு சொகுசுக் காரை வாங்கி விடுகிறார்கள். இரண்டு, மூன்று ஆண்டுகளில் கம்பெனி வாரண்டி முடியும் தறுவாயில், விற்பனையாளரிடமிருந்து டெலிபோன் வருகிறது: "சார், எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுக் கொள்ளுங்கள்!"

கேட்பது சில ஆயிரமல்ல. லட்சக் கணக்கில் போகக்கூடிய தொகை. கொடுக்கலாமா?

எதற்குப் பொறுப்பு?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். வாரண்டி வேறு, இன்ஷூரன்ஸ் வேறு. காரின் உறுப்பு தானாகப் பழுதானால் வாரண்டி. வெளியிலிருந்து ஆபத்து வந்தால் இன்ஷூரன்ஸ். இந்த வித்தியாசம் வட சென்னைக்காரருக்கு மிக முக்கியம்.

ஏன் தெரியுமா? இங்கே காருக்கு எதிரிகள் வெளியில்தான் அதிகம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்றில் உப்பு. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்களின் நெரிசல். மழைக்காலத்தில் வெள்ளம். 2015 டிசம்பர் வெள்ளத்தை யார் மறக்க முடியும்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், எர்ணாவூர் பகுதிகளில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீடுகளுக்குள் புகுந்ததே!

உப்புக் காற்றால் துரு, வெள்ளச் சேதம், டிரெய்லர் உரசல் - இவற்றை வாரண்டிப் பத்திரங்கள் பொதுவாக விலக்கியே வைக்கின்றன. பிரேக் கட்டை, டயர், கிளட்ச் போன்று தேயும் சாமான்களும் அப்படியே.

தண்ணீர் புகுந்த என்ஜினை ஸ்டார்ட் செய்தால் என்ன ஆகும்? காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்து விடும். அந்தச் செலவுக்குச் சாதாரண இன்ஷூரன்ஸ்கூடத் தகராறு செய்யலாம். என்ஜின் பாதுகாப்பு என்ற துணைப் பாலிசி தனியாக உண்டு. வட சென்னைவாசி முதலில் அதை எடுக்க வேண்டும். வாரண்டி அதற்குப் பிறகுதான்.

கணக்குப் பார்ப்போம்

அப்படியானால் வாரண்டி வீணா? இல்லை. சொகுசுக் காரில் கியர்பெட்டி, காற்று சஸ்பென்ஷன், மின்னணுப் பெட்டிகள் ஆகியவை பழுதானால் செலவு தலை சுற்றும். இங்கேதான் வாரண்டி கைகொடுக்கிறது.

பத்திரத்தின் விலை 1.5 லட்சம் என்றும், பெரிய பழுது வந்தால் செலவு 6 லட்சம் என்றும் வைத்துக் கொள்வோம். நாலு கார்களில் ஒன்றுக்காவது அந்தப் பழுது வந்தால்தான் கணக்கு சரிக்கட்டும். விற்பவரும் லாபம் பார்ப்பாராகையால், சராசரிக் கணக்கில் வாங்குபவருக்குச் சற்று நஷ்டமே. ஆனாலும், 6 லட்சத்தை ஒரே நாளில் புரட்ட முடியாத குடும்பத்துக்கு அந்தச் சிறு நஷ்டம் நிம்மதியின் விலை. புரட்ட முடிந்தவர், அதே 1.5 லட்சத்தை பாங்கியில் தனியாகப் போட்டு வைக்கலாம்.

பத்திரத்தின் பின்னால் யார்?

அடுத்து, பொறுப்பேற்பது கார் கம்பெனியா, விற்பனையாளரா, மூன்றாம் பேர்வழியா என்று பார்க்க வேண்டும். கார்த் தொழிலில் இன்றிருப்பது நாளை மாறும் என்பதற்கு எண்ணூரே சாட்சி. 1948ல் துவங்கிய அசோக் மோட்டார்ஸ் இங்கே ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொடுத்தது. 1955ல் அது அசோக் லேலண்ட் ஆயிற்று. லாரியும் பஸ்ஸுமே அதன் தொழிலாயின. அண்மையில், 2021ல், போர்டு கம்பெனி இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. பழைய வாடிக்கையாளருக்கு சர்வீஸ் தொடரும் என்று அது சொன்னது. பெரிய கம்பெனி அப்படிச் சொல்லும்; பெயர் தெரியாத இடைத்தரகர் சொல்வாரா?

ஆகவே, கையெழுத்திடுமுன் நாலு கேள்விகள்: எவை எவை விலக்கு? ஒரு பழுதுக்கு உச்சவரம்பு எவ்வளவு? சர்வீஸ் தேதி தவறினால் பத்திரம் செல்லுமா? காரை விற்றால் அடுத்தவருக்கு மாறுமா? பதிலை வாய்வார்த்தையாக அல்ல, எழுத்தில் வாங்குங்கள். 2019ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆணையத்தின் முன் நிற்க நேர்ந்தால், பேசுவது காகிதம்தான்.

காரை ஐந்தாறு ஆண்டு வைத்திருக்க எண்ணுபவர், கார் கம்பெனியே தரும் வாரண்டியை, முதல் வாரண்டி முடியுமுன் வாங்கலாம். ஓரிரு ஆண்டில் மாற்றிவிடுபவருக்கு அது அநாவசியம். இருவருக்குமே இன்ஷூரன்ஸ்தான் முதல் காவல்!