படகு கிளப்பும் அலை... பழவேற்காட்டுக்கு ஒத்துவருமா?

படகுக்குப் பின்னால ஒரு கருவியைக் கட்டி இழுத்தா, ஏரியிலயும் சர்ஃபிங் பண்ற அளவுக்கு அலை எழும்பும். 'நம்ம பொன்னேரி பக்கத்துல பழவேற்காடு ஏரி இருக்கே!'ன்னு தோணுதா? கொஞ்சம் பொறுங்க!

சர்ஃபிங்குக்காகப் பெரிய அலை எழுப்பும் படகுகள் 20 அடி ஆழத்துக்குக் குறையாத தண்ணீரில்தான் ஓடணும் என்கிறது அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வு. பழவேற்காட்டின் சராசரி ஆழமோ சுமார் 3 அடிதான். அங்கே அலை கிளப்பினா அடிச்சேறு கலங்கும். இறாலும் நண்டும் வளர்ற இடம் கெடும். 'பாடு' முறையில், தன் முறை வரும்வரை காத்திருந்து வலை போடும் மீனவருக்கு அன்றைய வருமானமே போகும்.

2011 டிசம்பர் 25-ல் பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததையும் மறக்க முடியாது.

சர்ஃபிங் ஆசையா? கோவளம் போங்க. அங்கே அலையைக் கடலே தருது!